கணக்குக் கேட்டால் பழமொழி பதிலாகுமா?

அம்பாறை மாவட்டத்து வட்டை (வயல்வெளி) ஒன்றில், கமக்காரர் அமைப்புக்குப் புதிதாகப் பொருளாளராக வந்திருக்கும் ஒருவர் எழுதிக் கேட்டிருக்கிறார். வாய்க்கால் துப்புரவுக்கென்று ஏக்கருக்கு இவ்வளவு என்று சேர்த்த காசுக்கு அவர் கூட்டத்தில் கணக்குக் கேட்டாராம். தலைவர் சிரித்துக்கொண்டே, "தேன் எடுத்தவன் புறங்கையை நக்காமலா இருப்பான்" என்றாராம். கூட்டமே சிரித்ததாம். கூட்டம் முடிந்து போகும்போது ஒரு பெரியவர் தனியே கூப்பிட்டு, "ஊரோடு ஒத்து வாழ வேணும் தம்பி" என்றாராம். "இதெல்லாம் முன்னோர் கண்ட உண்மையா, வாயை மூடச் சொல்கிற வழியா? மனுசன் இப்படித்தான் என்றால் நான் கேட்டு என்ன பயன்?" இதுதான் கேள்வி.

மேலோட்டமாகப் பார்த்தால் பழமொழியைப் பற்றிய கேள்வி. ஆனால் தம்பி (நானும் அப்படியே அழைக்கிறேன், வயது அதற்கு இடம் தருகிறது), உங்களைத் தூங்கவிடாமல் செய்திருப்பது கடைசி வரிதான் என்று நினைக்கிறேன். மனித சுபாவத்தைப் பற்றி ஊர் ஏற்கெனவே ஒரு தீர்ப்புச் சொல்லிவிட்டதா, அந்தத் தீர்ப்புக்கு மேல் பேச இடமிருக்கிறதா என்றுதான் கேட்கிறீர்கள். அதற்கே பதில் சொல்லப் பார்க்கிறேன்.

நான் மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே இருக்கும் படுவான்கரைப் பள்ளிக்கூடங்களில் நீண்ட காலம் தமிழ் படிப்பித்தவன். பிறகு மத்தியஸ்த சபையில் இருந்தேன். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த சபை அது. தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. இரண்டு பக்கத்தையும் இருத்திப் பேசவைப்போம். அவர்களாகவே ஒரு முடிவுக்கு வந்தால் எழுதிக் கொடுப்போம். வராவிட்டால் இணங்கவில்லை என்று சான்றிதழ் கொடுப்போம். காணி எல்லை, கடன், மாடு வெள்ளாமைக்குள் இறங்கியது, வாய்த்தர்க்கம், இப்படித்தான் வழக்குகள் வரும். அங்கே பழமொழி கேட்காத நாளே கிடையாது. ஒன்றை மட்டும் முதலே சொல்லிவிடுகிறேன். அந்த மேசைக்கு முன்னால் வருகிறவர்கள் சண்டை பிடித்துக்கொண்டு வருகிறவர்கள். சண்டையே பிடிக்காமல் பேசித் தீர்த்துக்கொண்ட ஆயிரம் பேர் அங்கே வருவதில்லை. ஆகவே அங்கே கண்டதை வைத்து "மனிதர் எல்லாம் இப்படி" என்று நான் சொன்னால் அது சரியாக இருக்காது.

உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதிகாரத்தைப் பற்றி நம்மிடம் இருக்கும் பழமொழிகள் ஒரே குரலில் பேசுவதில்லை. "பொறுத்தார் பூமி ஆள்வார்" என்பதும் நம்முடையது. "குட்டக் குட்டக் குனிபவனும் மூடன், குனியக் குனியக் குட்டுபவனும் மூடன்" என்பதும் நம்முடையது. "தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும்" என்கிற அதே வாய்தான் "அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்" என்கிறது. இவற்றில் எது உண்மை என்று கேட்டால் பதில் வராது. யார், யாரிடம், எந்த நேரத்தில் சொல்கிறார் என்று பார்த்தால்தான் விளங்கும். பொறுமையைப் பற்றிய பழமொழியை அடி வாங்குகிறவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டால் அது ஆறுதல். அடிக்கிறவன் அவனுக்குச் சொன்னால் அதன் பெயர் வேறு.

உங்கள் தேன் பழமொழிக்கு வருவோம். அதில் சொல்லப்பட்டது பொய்யில்லை. பொதுக்காசைக் கையாளுகிறவனுக்கு ஆசை வரும் என்பது எல்லா ஊரும் கண்டதுதான். ஆனால் அந்த உண்மையிலிருந்து என்ன முடிவுக்கு வருகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மனுசன் புறங்கையை நக்குவான் என்று தெரிந்தால், தேனை அளந்து கொடுத்து அளந்து வாங்க வேண்டும். பற்றுச்சீட்டுப் புத்தகம், இரண்டு கையொப்பத்தில் வங்கிக் கணக்கு, வருடாந்தப் பொதுக்கூட்டம் எல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான் வந்தன. பழமொழி சொல்வது கணக்குக் கேட்பதற்கான காரணம். உங்கள் தலைவர் அதைக் கணக்குக் கொடுக்காமல் விடுவதற்கான காரணமாகத் திருப்பிவிட்டார். சிரிப்பும் சேர்ந்துகொண்டதால் யாரும் கவனிக்கவில்லை.

இதே பழமொழியை நான் சபையில் கேட்டது ஒரு மரண ஆதார சங்க வழக்கில். கணவன் இறந்த ஒரு பெண்ணுக்குச் சங்கம் கொடுக்க வேண்டிய காசு பாதிதான் போயிருந்தது. பொருளாளர் தலை குனிந்துகொண்டு இருந்தார். அவருடைய அண்ணன்தான் பேசினார்: "சம்பளம் இல்லாத வேலை, அங்க இங்க கொஞ்சம் கைபடும்தானே. தேன் எடுக்கிறவன் புறங்கையை நக்கத்தான் செய்வான்." அந்தப் பெண் ஷொப்பிங் பையிலிருந்து சந்தா அட்டையை எடுத்து மேசையில் வைத்தா. மழையில் நனைந்து காய்ந்த அட்டை. ஓரம் சுருண்டிருந்தது. ஒவ்வொரு மாதக் கட்டத்திலும் பொருளாளரின் சின்னக் கையொப்பம், விடுபட்ட மாதம் ஒன்றுகூட இல்லை. "நான் புறங்கையைக் கேக்கல்ல ஐயா. தேன் எங்க எண்டுதான் கேக்கிறன்" என்றா. அதற்குப் பிறகு அண்ணன் வாய் திறக்கவில்லை. சங்கத்தின் சீஆர் கொப்பியை, கணக்கு எழுதும் கொப்பியை, திறந்தோம். மூன்று மாதத்துக்கு வரவு எழுதப்படவேயில்லை. தவணை முறையில் கொடுப்பதாக எழுதி முடித்தார்கள்.

அடுத்தது, நீங்கள் எழுதவில்லை என்றாலும் உங்கள் வட்டையில் கட்டாயம் கேட்டிருப்பீர்கள்: "வல்லான் வகுத்ததே வாய்க்கால்." இந்த வகைப் பழமொழிகளைக் கவனமாகக் கையாள வேண்டும், ஏனென்றால் இவை கண்டதைச் சொல்கின்றன, செய்யச் சொல்லவில்லை. "ஏழை சொல் அம்பலம் ஏறாது" என்பதும் அப்படியே. அதை முதலில் சொன்னவன் ஏழையாகத்தான் இருந்திருப்பான், வயிறெரிந்துதான் சொல்லியிருப்பான். நாளாக ஆக, அம்பலத்தில் இருப்பவர்களும் அதையே சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். முறைப்பாடாகப் பிறந்தது சட்டம் போல ஆகிவிடுகிறது.

வாய்க்காலை வல்லான்தான் வகுப்பான் என்பது மாற முடியாத சுபாவமா? இதற்கு உங்கள் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி இருக்கிறது, இளையவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. கல்லோயா இடதுகரையில், 1980களின் தொடக்கத்தில், நீர்ப்பாசனச் சீரமைப்பு வேலையோடு சேர்த்து விவசாயிகளை அமைப்பாக்கும் முயற்சி ஒன்று நடந்தது. கமநல ஆராய்ச்சி பயிற்சி நிறுவகமும் அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் அதில் இருந்தன. 1981இல் இளம் பட்டதாரிகளை ஊர்களிலேயே தங்கவைத்தார்கள். அந்த வருடம் கல்லோயாவின் நீர்த்தேக்கமான சேனாநாயக்க சமுத்திரத்தில் கொள்ளளவில் காற்பங்கு அளவுதான் தண்ணீர். தலைப்பு வயல்காரருக்குத் தாராளமாகப் பாயும், கடைசி வயல்காரருக்கு ஒன்றும் போகாது என்பதுதான் அதுவரை நடப்பு. அந்தப் பகுதி விவசாயிகள் ஒத்துப்போகவே மாட்டார்கள் என்ற பேர் வேறு. தலைப்பில் பெரும்பாலும் சிங்கள விவசாயிகள், கடைசியில் தமிழ் பேசுகிறவர்கள். சண்டை வருவதற்கு வேண்டிய எல்லாம் இருந்தது. நடந்ததோ வேறு. வாய்க்காலை விவசாயிகளே இறங்கித் துப்புரவாக்கினார்கள், முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சினார்கள், மிச்சம் பிடித்த தண்ணீரைக் கீழே விட்டார்கள். ஒரு திட்டத்தின் அனுபவத்தை எல்லா ஊருக்கும் எல்லாக் காலத்துக்கும் விதியாக்க முடியாது. ஊரில் தங்கி எல்லோரையும் பேசவைக்க ஆட்கள் இருந்தார்கள், மேலிடத்தின் ஆதரவும் இருந்தது. ஆனாலும் "இவங்க திருந்தவே மாட்டாங்க" என்ற பேச்சு உண்மையில்லை என்று காட்ட இந்த ஒன்றே போதும். அதே மனிதர்கள்தான், சுபாவமும் அதேதான். பேசுவதற்கு ஓர் இடமும், எல்லோரும் பார்க்கக்கூடிய ஒரு முறையும் புதிதாக வந்தன, அவ்வளவுதான்.

அதிகாரத்தைப் பற்றி நம் மொழியில் சொல்லப்பட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது புறநானூற்றின் 184ஆம் பாட்டு. பாடியவர் பிசிராந்தையார், பாடப்பட்டவன் பாண்டியன் அறிவுடை நம்பி. சென்னையிலோ கொழும்பிலோ இருந்து படிக்கிறவருக்கு இது அழகான உவமை. அம்பாறையில் இருந்து படிக்கிறவருக்கு விளக்கமே தேவையில்லை. விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால், ஒரு மா (பழைய நில அளவு) அளவுக்கும் குறைந்த நிலத்து நெல்கூட யானைக்குப் பல நாளுக்குப் போதும். யானை தானாகவே வயலுக்குள் புகுந்தால் நூறு வயலும் போதாது, "வாய்புகு வதனினும் கால்பெரிது கெடுக்கும்" என்கிறார். யானை இறங்கிய வயலை விடியலில் வரம்பில் நின்று பார்த்தவருக்குத் தெரியும். தின்றது ஒரு மூலைதான் இருக்கும். மற்ற இடமெல்லாம் முழங்கால் ஆழத்துக்குக் குழி, குழிக்குள் தண்ணீர், கதிர் சேற்றோடு அமுங்கிக் கிடக்கும். வரம்பு நாலைந்து இடத்தில் உடைந்து தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கும். வெட்டுவதற்குப் பத்து நாள் இருந்த வெள்ளாமையாக இருக்கும்.

பாட்டு அதோடு நிற்கவில்லை. அரசன் அறிவில் மெலிந்தவனாகி, தரம் அறியாத ஆரவாரக் கூட்டத்தைச் சுற்றி வைத்துக்கொண்டு, இரக்கமில்லாமல் வரியைப் பிடுங்கினால், "யானை புக்க புலம்போலத் தானும் உண்ணான் உலகமும் கெடுமே" என்று முடிகிறது. இதை அரசனுக்கு முன்னாலேயே சொல்லியிருக்கிறார். சிறு அமைப்புகளிலும் இதே கதைதான் என்று சபையில் பல முறை பார்த்தேன். எடுக்கப்பட்ட காசு பெரிதாக இருக்காது. ஆனால் அதற்குப் பிறகு யாரும் சந்தா கட்டமாட்டார்கள், சிரமதானத்துக்கு வரமாட்டார்கள், கூட்டத்துக்குக் கோரம் சேராது. உங்கள் வட்டையில் வாய்க்கால் துப்புரவுக்கு அடுத்த போகம் காசு சேருமா என்று யோசித்துப் பாருங்கள்.

"மன்னன் எவ்வழி மக்கள் அவ்வழி" என்பதையும் யாராவது உங்களுக்குச் சொல்வார்கள், ஆகவே அதையும் பார்த்துவிடுவோம். பாதி உண்மை அதில் இருக்கிறது. மேலே இருப்பவர் கை சுத்தமாக இருந்தால் கீழே இருப்பவர் யோசிப்பார். ஆனால் "மேலே சரியில்லை, நாம் என்ன செய்ய" என்று கையைக் கழுவத்தான் பெரும்பாலும் அது பயன்படுகிறது. நம் இலக்கியம் இந்த ஒரு பக்கத்தோடு நின்றுவிடவில்லை. புறநானூற்றில் 186ஆம் பாட்டில் மோசிகீரனார், நெல்லும் உயிரல்ல, நீரும் உயிரல்ல, மன்னனே உலகத்துக்கு உயிர் என்கிறார். அடுத்த பாட்டிலேயே, 187இல், ஔவையார் நிலத்தைப் பார்த்து, நீ நாடாக இரு, காடாக இரு, பள்ளமாக இரு, மேடாக இரு, "எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை" என்கிறார். தொகுத்தவர் வேண்டுமென்றே பக்கத்தில் வைத்தாரா என்று நிறுவ வழியில்லை. ஆனால் இரண்டையும் சேர்த்துப் படிப்பித்தபோதெல்லாம் வகுப்பில் விவாதம் சூடாக நடந்தது. பிறகு "வரப்புயர நீருயரும், நீருயர நெல்லுயரும், நெல்லுயரக் குடியுயரும், குடியுயரக் கோலுயரும், கோலுயரக் கோன் உயர்வான்" என்ற வாக்கு. இதுவும் ஔவையார் பேரில் வழங்குகிறது. ஔவை என்ற பேரில் வெவ்வேறு காலத்தில் பலர் இருந்திருக்கிறார்கள் என்பதால் 187ஐப் பாடியவரே இதையும் சொன்னார் என்று எடுத்துக்கொள்ள முடியாது. யார் சொல்லியிருந்தாலும், வரம்பில் தொடங்கி அரசனில் முடிகிறது. கமக்காரர் அமைப்பு ஒன்றின் சுவரில் எழுதிவைக்க இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

ஏழை சொல் அம்பலம் ஏறாது என்பதற்கும் நம் மண்ணில் ஒரு மறுமொழி இருக்கிறது. மட்டக்களப்பு, அம்பாறைக் கரையோரக் கண்ணகி அம்மன் கோயில்களில் வைகாசிச் சடங்கின்போது கண்ணகி வழக்குரை படிக்கிறார்கள். அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்தியோடு சடங்கு முடியும். ஊரே கூடியிருந்து, ஊரில்லாத, உறவில்லாத ஒரு பெண் அரசனைக் கேள்வி கேட்ட கதையை வருடாவருடம் பயபக்தியோடு கேட்கிறது. சிலப்பதிகாரத்தில் அவள் "தேரா மன்னா" என்று தொடங்குகிறாள், விசாரிக்காத அரசனே என்று. ஆனால் வழக்கு அந்தச் சொல்லால் வெல்லப்படவில்லை. தன் சிலம்புக்குள் இருப்பது மாணிக்கம் என்கிறாள். அரசியின் சிலம்புக்குள் இருப்பது முத்து என்று அரசன் சொல்கிறான். சிலம்பை உடைக்கிறாள், மாணிக்கம் தெறிக்கிறது. அதைப் பார்த்த பிறகுதான் அரசன் "யானோ அரசன், யானே கள்வன்" என்கிறான். குற்றத்தை மறைக்கத் தன்னிடம் இருந்த எல்லா அதிகாரத்தையும் அவன் பயன்படுத்தியிருக்கலாம், பயன்படுத்தவில்லை. அந்த அரசனையும் நாம் மறக்கக் கூடாது என்பது என் எண்ணம். கணக்குக் கேட்கப்போகிற உங்களுக்கு இதில் எடுக்க வேண்டியது, கையில் சிலம்போடு போனாள் என்பது.

ஒரு சமூகத்தையே ஒரே வரியில் அடைத்துவிடும் வாக்குகளை நான் கொஞ்சமும் நம்புவதில்லை. மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரார் சொல்வது உங்களுக்குத் தெரியும். மந்திரம் மாயம் என்று அதற்குக் கதைகளும் உண்டு. நம் பக்கத்தில், தமிழரிடமும் முஸ்லிம்களிடமும், வீடு பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகிறது. கலியாணம் முடித்தவன் பெண் வீட்டில் வந்து இருக்கிறான். வியாபாரத்துக்கோ உத்தியோகத்துக்கோ வந்தவன் இங்கே முடித்தால், வீடும் வளவும் மனைவி பேரில் இருக்க, அவன் ஊர் திரும்பாமல் இருப்பதற்கு மந்திரம் எதற்கு? என் விளக்கம் இது. ஒரு சொத்து வழக்கத்தை ஒரு மக்களின் குணமாகப் பார்த்திருக்கிறார்கள். இதேபோல் இங்கே தமிழர் முஸ்லிம்களைப் பற்றியும், முஸ்லிம்கள் தமிழரைப் பற்றியும், வாவிக்குக் கிழக்கே இருக்கும் எழுவான்கரை படுவான்கரையைப் பற்றியும் சொல்லும் வரிகள் இருக்கின்றன. அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றால் என்ன நடந்தது என்பதை இந்த மாவட்டங்களில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

இன்னொன்றையும் சுருக்கமாகச் சொல்கிறேன். கைபேசியில் படத்தோடு வரும் பொன்மொழிகளை வைத்துக் கூட்டத்தில் பேசாதீர்கள். ஒருவனின் குணத்தை அறிய அவனுக்கு அதிகாரம் கொடுத்துப் பார் என்பது ஆபிரகாம் லிங்கன் சொன்னதாக வருகிறது. அவர் சொல்லவில்லை, லிங்கனைப் பற்றி அமெரிக்கப் பேச்சாளர் இங்கர்சால் பேசியதிலிருந்து வந்தது. நீ சொல்வதை நான் ஏற்கவில்லை, ஆனால் அதைச் சொல்லும் உன் உரிமைக்காக நிற்பேன் என்பதும் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேருடையதல்ல. அவரைப் பற்றி 1906இல் எழுதிய ஒரு பெண்மணியின் வரி. கருத்து நல்லதுதான். ஆனால் கணக்கில் பிழை பிடிக்கப் போகிறவர் மேற்கோளில் பிழை விட்டால், அதையே பிடித்துக்கொள்வார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? பழமொழிக்குப் பழமொழி சொல்லி வெல்லப் பார்க்காதீர்கள். சிரிப்பு யார் பக்கமோ அவர் வெல்வார், அது இப்போது தலைவர் பக்கம். நீங்கள் புதிய பொருளாளர். அதனால் உங்களிடம் ஒரு வசதி இருக்கிறது. நீங்கள் கணக்குக் கேட்கத் தேவையில்லை, பொறுப்பேற்கக் கேட்டால் போதும். வங்கிப் புத்தகம், பற்றுச்சீட்டுப் புத்தகங்கள், காசுப் புத்தகம், கூட்டக் குறிப்பு எல்லாவற்றையும் திகதி போட்டு எழுத்தில் ஒப்படைக்கச் சொல்லுங்கள். பொறுப்பேற்ற திகதியில் கையில் எவ்வளவு, வங்கியில் எவ்வளவு என்று எழுதி, பழைய பொருளாளரும் நீங்களும் கையொப்பம் வையுங்கள். குறைந்தால் குறைந்ததாகவே எழுதுங்கள். இதைச் செய்யாமல் கொப்பியை வாங்கினால், பழைய குறையெல்லாம் நாளைக்கு உங்கள் தலையில் வரும். கமக்காரர் அமைப்புகள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் பதிவானவை. ஆகவே யாப்பில் என்ன இருக்கிறது, கணக்கு எப்போது சமர்ப்பிக்க வேண்டும் என்பதைக் கமநல சேவை நிலையத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

தலைவரைத் திருடன் என்று நினைத்துக்கொண்டு போகவும் வேண்டாம். நீங்கள் எழுதியதை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. துண்டில் எழுதி எங்கேயோ வைத்துவிட்டு, கேட்டதும் வெட்கத்தில் பகிடி விட்டவராகவும் இருக்கலாம். அப்படிப்பட்டவர்களையும் நான் நிறையக் கண்டிருக்கிறேன். தனியே போய்ப் பேசுங்கள். குறள் 448 அவருக்கும் தெரிந்திருக்கும்: "இடிப்பாரை இல்லாத ஏமரா மன்னன் கெடுப்பார் இலானுங் கெடும்." எடுத்துச் சொல்ல ஆள் இல்லாதவன், கெடுக்க ஒருவரும் இல்லாவிட்டாலும் கெட்டுப்போவான். "கணக்குச் சரியாக இருந்தால் உங்களுக்குத்தான் பாதுகாப்பு" என்று அதை வைத்துச் சொல்லலாம். ஊரோடு ஒத்து வாழச் சொன்ன பெரியவரையும் விட்டுவிடாதீர்கள். அவர் உங்கள்மேல் அக்கறையில் சொல்லியிருக்கலாம், "ஊருடன் பகைக்கின் வேருடன் கெடும்" என்று படித்து வளர்ந்த தலைமுறை அது. ஒப்படைக்கும்போது சாட்சியாக வந்து இருக்கச் சொல்லி அவரையே கேளுங்கள். வந்தால் ஊரில் பாதி உங்களோடு வந்த மாதிரி. பெரும்போக ஆரம்பக் கூட்டத்துக்கு முன்னால் இதை முடித்துவிடப் பாருங்கள், ஏனென்றால் அந்தக் கூட்டத்தில் மறுபடியும் துப்புரவுக் காசு என்ற பேச்சு வரும். அப்போது போன போகத்து வரவு செலவை ஒரு தாளில் எழுதி, எல்லோரும் பார்க்கிற மாதிரி சுவரில் ஒட்டிவிட்டுப் பேசத் தொடங்குங்கள்.